மேஜையிலே பென்சில், தொட்டிலிலே குழந்தை

டெலிபோன் மணி அடிக்கிறது. தொட்டிலில் குழந்தை வீல் வீலென்று அழுகிறது. பேசப் போகிறவரோ பெரிய கம்பெனி அதிகாரி. அந்த அம்மாள் என்ன செய்வார் தெரியுமோ? சட்டென்று டேப் ரிக்கார்டரைத் தட்டிவிடுவார். 'டக டக' என்று டைப் அடிக்கும் சத்தம் கிளம்பும். பெரிய ஆபீஸ் போலிருக்கிறது என்று எதிர்முனையில் நினைத்துக்கொள்வார்கள்!

இது பொய்யில்லையா என்று கேட்காதீர்கள். வேலை சுத்தமாக இருந்தது. மறைத்ததெல்லாம் குழந்தையின் அழுகையைத்தான்.

அவர் பெயர் ஸ்டெஃபனி ஷெர்லி. ஊர் இங்கிலாந்து. "படிச்சேன், வேலைக்கும் போனேன், குழந்தை பிறந்ததும் விட்டுட்டேன். வீட்டிலேயே ஏதாவது பண்ண முடியுமா?" என்று எழுதுகிற சகோதரிகளுக்கெல்லாம் இவர் கதையைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

1933-ல் ஜெர்மனியில் பிறந்தவர். தகப்பனார் யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்ப, 1939-ல் ஐந்து வயதுக் குழந்தையாக அக்காவுடன் ரயிலேற்றி அனுப்பப்பட்டு, இங்கிலாந்தில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். பிழைத்த உயிரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் தம்மை விட்டுப் போனதேயில்லை என்று பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார்.

கணக்கில் கெட்டிக்காரி. தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். ஆனால் பெண் என்றால் ஓரளவுக்கு மேல் உயர விடமாட்டார்கள். சரிதான் போங்கள் என்று 1962-ல், கையில் 6 பவுனோடு, சாப்பாட்டு மேஜையிலேயே சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். சரக்கு என்ன? கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராம். அந்த நாளில் மெஷின் வாங்கினால் புரோகிராமை இனாமாகக் கொடுப்பார்கள். காசு கொடுத்து யார் வாங்குவார்கள், அதுவும் ஒரு பெண்ணிடம், என்று சிரித்தார்களாம். வங்கியில் கம்பெனிக் கணக்குத் திறக்கவே வீட்டுக்காரர் சம்மதம் வேண்டியிருந்த காலம் அது!

கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார், எழுதினார், பதிலே இல்லை. அவர் வீட்டுக்காரர் டெரெக் ஒரு யோசனை சொன்னார்: "ஸ்டெஃபனி என்று போடாதே. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போடு." போட்டார். ஆண்பிள்ளை என்று நினைத்துப் பதில் வர ஆரம்பித்தது. சிரிப்பதா, கோபப்படுவதா? எனக்கு இரண்டும் வருகிறது.

வேலைக்கு யாரை எடுத்தார் என்பதுதான் முக்கியம். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்தார். "வீட்டில் டெலிபோன் வசதி உண்டா?" என்பது அவர் கேட்கிற கேள்விகளில் ஒன்று. புரோகிராம் எழுத அப்போது வீட்டில் மெஷின் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும். குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து எழுதி அனுப்பினார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமே இப்படி வீடுகளில் உட்கார்ந்து பெண்கள் எழுதியதுதான்! முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் 3 பேர்தானாம். 1975-ல் ஆண் பெண் பேதம் கூடாது என்று சட்டம் வந்தது. பெண்களுக்கு உதவ வந்த சட்டத்தால் இவர் ஆண்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் வீட்டு நிலைமை வேறு. 1963-ல் பிறந்த ஒரே பிள்ளை ஜைல்ஸ், அழகான, சாதுவான குழந்தை. இரண்டரை வயசு வாக்கில், பேசிக்கொண்டிருந்த சொற்ப வார்த்தைகளும் நின்றுவிட்டன. அடக்க முடியாத பிள்ளையாக மாறினான். ஆட்டிசம் என்றார்கள். தாய் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் இப்படி என்று டாக்டர்களிலேயே சிலர் பழி சொன்ன காலம். அது தவறு என்று இன்று திட்டமாகத் தெரியும். இருந்தாலும் நம் வீடுகளில் "நீ வேலைக்குப் போனே, அதான் குழந்தை பேசலே" என்று சொல்கிற வாய் இன்னும் அடங்கவில்லையே! அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் பேசிய குழந்தை பேச்சை நிறுத்தினால், பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீக்கிரம் கண்டு பயிற்சி கொடுத்தால் பலன் உண்டு.

பிள்ளையையும் கம்பெனியையும் தூக்கிச் சுமந்ததில் ஒரு கட்டத்தில் ஷெர்லி அம்மாளே ஒடிந்து போனார். ஜைல்ஸை மருத்துவமனையில் விட நேர்ந்தது. பிறகு அவனைப் போன்றவர்கள் வீடு போன்ற இடத்தில் வாழ ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார். அதன் முதல் வீட்டில் முதலில் குடிவந்தது ஜைல்ஸ்தான். 1998-ல், 35 வயதில், அவன் காலமானான். அவன் இல்லாமல் வாழக் கற்றதோடு, அவனுக்குத் தாம் தேவைப்படாத வாழ்க்கையையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது என்றார் அந்தத் தாய்.

வியாபாரத்தில் அவர் கொள்கை ஒன்றுதான்: ஆட்களை நம்பு. மணிக்கணக்கு பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தார். கம்பெனியில் கால் பங்கைத் தம் கையிலிருந்தே ஊழியர்களுக்குக் கொடுத்தார். அதனால் கோடீஸ்வரர் ஆனவர்கள் 70 பேர். தமக்கு வந்ததில் பெரும்பகுதி, 6 கோடிப் பவுனுக்கு மேல், ஆட்டிசம் ஆராய்ச்சி, பள்ளிக்கூடம் என்று தர்மத்துக்கே போயிற்று. 2025 ஆகஸ்டில், 91 வயதில் மறைந்தார்.

முன்னுக்கு வர நினைக்கும் பெண்களை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அவர் வேடிக்கையாக ஒரு வழி சொல்வார்: உச்சந்தலை தட்டையாக இருக்குமாம். "பாவம், நல்ல பெண்" என்று எல்லோரும் தட்டித் தட்டியே!