எதைக் கேட்டுச் செபிக்கிறோம்?



மாலைச் செபத்தில் நம் இல்லங்களில் எழும் மன்றாட்டுகள் பல. பிள்ளையின் பரீட்சை, தாயின் நோய், மகனின் வெளிநாட்டுப் பயணம் என அவை நீளும். தந்தையிடம் பிள்ளைகள் கேட்பதில் தவறில்லை. ஆயினும் நம் செபம் அங்கேயே நின்றுவிடலாகாது.

கொலோசை நகர இறைமக்களைப் புனித பவுல் நேரில் கண்டதில்லை. எப்பப்பிரா வழியாகவே அவர்களது விசுவாசத்தை அறிந்தார். சிறையிலிருந்து அவர்களுக்கு மடல் வரைந்தபோது, இறைத்திருவுளத்தை அறியும் ஞானத்தால் அவர்கள் நிறைவுபெறவும், நற்செயல்களில் கனி தரவும் இடைவிடாது மன்றாடுவதாகக் குறிப்பிட்டார் (கொலோ. 1:9-10). தமக்காகச் செபிக்கும்படி வேண்டியபோதும், அம்மடலில் அவர் நாடியது சிறைக் கதவு திறப்பதை அன்று. நற்செய்திக்கு வாயில் திறக்கப்படுவதையே (4:3).

கேட்டது கிடைக்காத நாளில் நம் விசுவாசம் தளர்வது ஏன்? கொடைகளை நாடப் பழகிய நாம், கொடுப்பவரை அறியப் பழகவில்லை. அவரை அறிந்த உள்ளமோ மறுக்கப்பட்ட வேளையிலும் அவரது கரத்தை விடுவதில்லை.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, "ஆண்டவரே, இவர் உம்மை இன்னும் ஆழமாய் அறிய அருள்தாரும்" என மன்றாடுவோம். நம் பிள்ளைகளும் அவ்வாறு செபிக்கக் கற்றுக்கொள்வர்.