ஏழையின் சிரிப்புக்குப் பல் வேண்டும்!

காரை மண்ணிலே கிடைக்கிறது, கடலிலே திரிந்த சுறாவின் பல்!

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் அரியலூர் வட்டாரத்திலும் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன்னர் கடல் அலைமோதிற்று. கடல் போயிற்று, சுறாவும் போயிற்று, சுறாவின் பல் மட்டும் போகவில்லை. நிலநூல் அறிஞர் அதை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துப் பார்க்கின்றனர். பல் பல்லாகவே இருக்கிறது!

அதே மண்ணில், சுண்ணாம்புக்கல் வெட்டும் பாட்டாளியின் ஐந்து வயதுப் பிள்ளையை வாய் திறக்கச் சொல்லுங்கள். முன்வரிசைப் பல் கறுத்துக் கரைந்து, ஈறோடு ஈறாக ஒட்டிக் கிடக்கிறது. கோடி ஆண்டு மண்ணில் கிடந்து கெடாதது, ஐந்தே ஆண்டு வாயில் இருந்து கெட்டது! ஏன்?

"தலைவிதி" என்பார் வைதிகர். "பூச்சி அரித்தது" என்பாள் பாட்டி. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாயில் பிடிக்கச் செய்து, "இதோ விழுந்தது புழு" என்று காட்டிக் காசு பறிப்பவனும் உண்டு. பாட்டியை நாம் பழிக்கவில்லை. அவளுக்கு எட்டிய மருத்துவம் அவ்வளவுதான். எட்டவிடாமல் வைத்திருந்த சமுதாயத்தைத்தான் பழிக்கிறோம்.

பல்லில் புழு இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்கிறது, அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் பல்லின் மேற்பரப்பான எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கிறது. உமிழ்நீர் அவற்றைத் திருப்பித் தருகிறது. நாள்தோறும் நடக்கும் வரவு செலவு இது. செலவு மிஞ்சினால் பல்லில் முதலில் தோன்றுவது குழி அல்ல; ஒரு வெள்ளைத் திட்டு. அந்த நிலையில் விழித்துக்கொண்டால் பல்லை மீட்கலாம். மீட்புக்குத் துணை ஃபுளோரைடு. அது சேர்ந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. சுறாவின் பல்லில் இயற்கையே ஃபுளோரைடைக் கலந்து வைத்திருக்கிறது. சுறாவுக்கு மிட்டாய் வாங்கித் தருவாரும் இல்லை! இதிலே விதி எங்கே? புழு எங்கே?

பல் மருத்துவர் என்றதும் பாமரன் காதில் கேட்பது துளைக்கும் எந்திரத்தின் ஓசை. கண்ணில் தெரிவது ஊசி. மனத்தில் எழுவது கூலி போகும் கவலை. ஆகவே கிராம்பை வைத்துக் கடிக்கிறான், புகையிலையை அடக்கிக்கொள்கிறான், வலி தாளாத நாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறான். அறிவியலோ துளைக்காமலே சொத்தையைத் தடுத்து நிறுத்தும் வழிகளைக் கண்டுவிட்டது.

1960களின் இறுதியில் ஜப்பானில் ஆராய்ந்து கொண்டுவரப்பட்டது சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்னும் மருந்துநீர். வெள்ளி நுண்ணுயிரைக் கொல்கிறது. ஃபுளோரைடு பல்லை இறுக்குகிறது. பல்லைத் துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையால் ஒரு துளியைத் தொட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடம் பூசினால் போதும். ஊசி இல்லை, எந்திரம் இல்லை, மின்சாரங்கூட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை பூசினால் பலன் மிகுதி.

இரண்டாவது, கிளாஸ் அயனோமர் சிமெண்ட். சிமெண்ட் என்றால் என்னவென்று அரியலூர்த் தோழருக்கு நாம் சொல்லவேண்டுமா! இது பல்லுக்கான சிமெண்ட். 1969இல் லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கியது. கண்ணாடித் தூளும் அமிலக் கரைசலும் கலந்து குழைத்தால் பல்லோடு பிணைந்து இறுகும்; ஃபுளோரைடையும் சிறுகச் சிறுகக் கசியவிடும். 1980களில் தான்சானியாவின் சிற்றூர்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு இத்தகைய சிமெண்டால் அடைக்கும் முறை வளர்ந்தது. ஆப்பிரிக்க ஏழைக்கு ஆனது அரியலூர் ஏழைக்கு ஆகாதா?

வெள்ளைத் திட்டுக்குள் ஊடுருவி இறுகும் பிசின் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. கரைந்த தாதுவை மீண்டும் படியச் செய்யும் புரதத் துணுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்திருக்கிறது. அவை விலை மிகுந்தவை. ஏழைக்கு ஏற்றவை எவை? உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது! ஃபுளோரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சில்வர் டயமைன் ஃபுளோரைடு ஆகிய மூன்றையும் 2021இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பாற்பல் சொத்தையால் அல்லற்படும் குழந்தைகள் உலகெங்கும் ஏறத்தாழ 51 கோடி என்று 2022இல் அறிவித்ததும் அந்த நிறுவனந்தான்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு; மறைக்கமாட்டோம். அந்த மருந்துநீர் பட்ட சொத்தை நிலையாகக் கறுத்துவிடும். பெற்றோரிடம் முன்பே சொல்லி, இசைவு பெற்றே பூசவேண்டும். ஆனால் விழப்போகும் பாற்பல்லில் கறுப்பு இருப்பது கேடா, இரவெல்லாம் பிள்ளை அழுவது கேடா? நிறம் கறுப்பு என்றால் இழிவென்று நினைக்கும் இயக்கமல்ல நம்முடையது! சொத்தை நரம்பைத் தொட்டு, வீக்கமும் சீழும் கண்ட பல்லுக்கோ இது பயன்படாது; அதற்கு மருத்துவமனைதான் வழி. ஆகவேதான் தொடக்கத்திலேயே பார் என்கிறோம்.

"தருமபுரியில் ஃபுளோரைடு பல்லைக் கெடுத்ததே" என்பாரும் உண்டு. கெடுத்தது உண்மை. அது ஆண்டுக்கணக்கில் குடிநீரோடு அளவுமீறி உள்ளே போன ஃபுளோரைடு. அந்தக் கேட்டைத் துடைக்கத்தான் 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கலைஞர் அடிக்கல் நாட்டினார். உப்பும் அளவு மீறினால் நஞ்சு. அதற்காக உப்பில்லாமல் சமைக்கிறோமா?

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஏழையின் சிரிப்பைப் பற்றி மேடைதோறும் பேசியது நமது இயக்கம். அந்தச் சிரிப்பிலே பல் இருக்கிறதா என்று பார்த்தோமா?

1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. அந்த வழியில் வந்த கழக ஆட்சி 2022இல் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2023இல் 'புன்னகை' என்னும் பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பெருமைதான். ஆனால் பிள்ளையின் தட்டிலே சோறு வைத்தால் போதுமா? அதை மெல்லப் பல் வேண்டாமா? சொத்தை இருக்கிறது என்று சீட்டிலே குறித்துக் கொடுத்தால் போதுமா? குறித்த இடத்திலேயே மருந்து பூச வேண்டாமா?

எனவே கேட்கிறோம்: பல் ஆய்வு பாற்பல் இருக்கும் காலத்திலேயே, அங்கன்வாடியிலேயே தொடங்கட்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இந்த மருந்துநீரும் சிமெண்டும் இருப்பில் இருக்கட்டும். பல் மருத்துவரின் மேற்பார்வையில் செவிலியருக்குப் பயிற்சி கிடைக்கட்டும். சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கு பயிலும் இளைஞர்கள் செந்துறைக்கும் வேப்பந்தட்டைக்கும், ஆலத்தூருக்கும் ஆண்டிமடத்துக்கும் முறைவைத்து வரட்டும். கூலி இழந்து நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதா, மருத்துவம் மக்களைத் தேடி வருவதா?

அரசைக் கேட்பதோடு நம் கடமை தீரவில்லை, தோழர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் வெள்ளைத் திட்டு இருந்தால் நாளைத் தள்ளாதீர்கள். பற்பசை வாங்கும்போது ஃபுளோரைடு உண்டா என்று உறையைப் படித்து வாங்குங்கள். மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்குமேல் பட்டாணியளவு; இரவில் பல் துலக்கியபின் இனிப்புத் தராதீர்கள்.

இன்னொன்றும் சொல்வோம். தலைவர்களின் பிறந்தநாள் என்றால் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்குகிறோம். அன்பினால் செய்கிறோம், ஆனால் அந்த அன்பே பல்லை அரிக்கிறது! அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு தூரிகையும் ஒரு பற்பசையும் வழங்குங்கள். கிளைக் கழகந்தோறும் இதைச் செய்தால், காரை மண்ணிலே கண்டெடுத்த பல்லைப்போல நம் பிள்ளைகளின் பல்லும் நிலைக்கும். ஏழை வாய்விட்டுச் சிரிப்பான்!