சத்தம் போடாத அலாரம்

பொன்மலையில வளர்ந்தவங்களுக்கு அலாரம்னா ஒர்க்‌ஷாப் சங்குதான். நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பணிமனை 1920களின் கடைசியில இங்க வந்துச்சு. அந்தச் சங்குச் சத்தத்தை வச்சு அடுப்பு பத்த வச்ச வீடுகள் எத்தனையோ.

எங்க வீட்டுக்கு அது மட்டும் பத்தாது. அப்பா ரயில் டிரைவர். ராத்திரி ரெண்டு மணிக்கும் டூட்டி வரும். கால் பாய் சைக்கிள்ல வந்து கதவைத் தட்டுவார், கால் புக்ல கையெழுத்து வாங்கிட்டுப் போவார். அவர் தட்டுற சத்தத்துக்கு முதல்ல எழுந்திருக்கிறது அம்மா. லைட்டைப் போடாம, அப்பா தோளை மெதுவா தொட்டு, "இந்தாங்க, ஆள் வந்திருக்கு"ம்பாங்க. அவ்வளவுதான், அப்பா எழுந்து உக்காந்துடுவார்.

இப்ப அம்மா இல்ல. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு, காது மந்தம். தூங்கும்போது காது மெஷினைக் கழட்டி வச்சிடுவார். காலைல அஞ்சரைக்கு வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போட்டு, அரை மணி கழிச்சுத்தான் காப்பி குடிக்கணும். அலாரம் வச்சா அப்பாவைத் தவிர மத்த எல்லாரும் எழுந்துடுறோம், பக்கத்து வீட்டு நாய் உட்பட :-)

சரின்னு செல்போனை வைப்ரேட்டர்ல போட்டு தலகாணிக்கு அடியில வச்சேன். மூணாம் நாள் விடியக்காலம் போய்ப் பார்த்தா, கட்டில் விளிம்புல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். உடம்பெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: "வண்டி போயிடுச்சாடா?"

அன்னைக்கே முடிவு பண்ணினேன். இனிமே இவரை வெளிச்சம்தான் எழுப்பணும்.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. விழித்திரையில, பார்க்குறதுக்குன்னு இல்லாம, வெளிச்சம் இருக்கா இல்லையான்னு உடம்புக் கடிகாரத்துக்குச் சொல்றதுக்கே சில செல்கள் இருக்குன்னு 2002-ல நிரூபிச்சாங்க. மூடின இமை வழியாவும் கொஞ்சம் வெளிச்சம் போகும், அதுலயும் சிவப்புப் பக்கம்தான் அதிகமா போகும். அதனால வெள்ளை வெளேர் எல்இடி வேண்டாம், வார்ம் ஒயிட் போதும்.

சாமான் பட்டியல் சின்னதுதான். ஒரு ஆர்டுயினோ நானோ, நேரம் காட்ட டிஎஸ்3231 மாட்யூல், 12 வோல்ட் எல்இடி பட்டை, அடாப்டர், ஒரு மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட்டுல நான் ஏமாந்தேன். கையில கிடந்த ஐஆர்எஃப்540 போட்டா பட்டை அழுது வடியுது. அது முழுசா திறக்க கேட்ல 10 வோல்ட் வேணும், நானோ கொடுக்கிறது 5 வோல்ட். ஐஆர்எல்இசட்44என் போட்டதும் பிரச்சனை தீர்ந்தது.

நம்மூர்ல கரண்டு போறதைக் கணக்குல எடுத்துக்கணும். நானோ மட்டும் இருந்தா கரண்டு போய் வந்ததும் நேரம் மறந்துடும். டிஎஸ்3231-ல பட்டன் பேட்டரி இருக்கிறதால மறக்காது. தப்பினா வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். ஆனா மலிவா கிடைக்கிற மாட்யூல்கள்ல பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பாதை ஒண்ணு இருக்கு. சாதாரண சிஆர்2032 போடுறவங்க அந்த ரெசிஸ்டரைக் கழட்டிடுங்க. அது சார்ஜ் பண்ணக்கூடாத பேட்டரி.

அடுத்த சறுக்கல் நிரல்ல. அஞ்சு மணிக்கு பூஜ்யம், அஞ்சரைக்கு 255, நடுவுல சமமா ஏத்துன்னு எழுதினேன். அப்பா அஞ்சு அஞ்சுக்கே எழுந்துட்டார்! நம்ம கண்ணு கூட்டல் கணக்குல பார்க்காது, பெருக்கல் கணக்குலதான் பார்க்கும். 1-லேர்ந்து 2-க்குப் போனா வெளிச்சம் இரட்டிப்பு. 254-லேர்ந்து 255-க்குப் போனா யாருக்கும் தெரியாது. அதனால ஒவ்வொரு படிக்கும் அதே விகிதத்துல ஏத்தணும். ஆரம்பத்துல படி படியா துள்ளுறது தெரிஞ்சா, டைமர்1-ஐ 16 பிட்ல ஓட்டுங்க. 65,536 படி கிடைக்கும், சும்மா வழுக்கிட்டுப் போகும்.

"கடையில ரெடிமேடா விக்குதே, ஏன் இந்த வேண்டாத வேலை?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. இன்னொண்ணும் கேக்கலாம்: நமக்கெல்லாம் எதுக்கு இது? திருச்சியில சூரியன் உதிக்கிற நேரம் வருஷம் பூரா பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளதான் மாறும். இந்த விளக்கு, குளிர்காலத்துல எட்டு மணி வரைக்கும் இருட்டா கிடக்கிற நாடுகளுக்குத் தோதானது. ஆறரைக்கு மேல எழுந்திருக்கிற ஆளா நீங்க? காசை செலவு பண்ணாதீங்க, ஜன்னல் திரையை விலக்கிட்டுப் படுங்க.

ஆனா அஞ்சரைக்கு இங்க என்னைக்குமே சூரியன் வராது. கடை விளக்குக்கோ எங்கப்பா ஒருக்களிச்சு சுவர் பக்கம் திரும்பித் தூங்குவார்னு தெரியாது. எனக்குத் தெரியும். பட்டையை சுவரோட மேல் விளிம்புல, கண்ணுல நேரா படாம ஒட்டினேன். எத்தனை நிமிஷத்துல எவ்வளவு வெளிச்சம்னு பத்து நாள் பக்கத்துல உக்காந்து பார்த்து மாத்தினேன். என் கட்சி இதுதான்: சங்கு ஊதினா ஊரையே எழுப்பலாம், ஒரு ஆளை எழுப்பணும்னா அந்த ஆளைத் தெரிஞ்சிருக்கணும். ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்கே காலைல வீணை வாசிக்கிறாங்க. பொன்மலைக்காரரை மட்டும் அலற அடிச்சு எழுப்பணும்னு என்ன தலையெழுத்து?

ஒரு எச்சரிக்கை. பழைய குண்டு பல்பையே மங்கலா ஏத்தலாம்னு 230 வோல்ட்ல கை வைக்காதீங்க. முதல் முயற்சிக்கு 12 வோல்ட்டைத் தாண்டாதீங்க.

இப்ப மூணு மாசமா ஓடுது. அஞ்சரைக்கு நான் போய் எட்டிப் பார்த்தா, அப்பா மாத்திரையைப் போட்டுட்டு அமைதியா உக்காந்திருப்பார். போன வாரம் எப்படிப்பா இருக்குன்னு சத்தமா கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மா லைட்டு போட மாட்டா"ன்னார்.

அதுக்கு நிரல் எழுத எனக்குத் தெரியலைங்க.

டிஸ்கி: நிரல் வேணும்ங்கிறவங்க கேளுங்க, அனுப்புறேன். என் சால்டரிங் லட்சணத்தோட படம் மட்டும் கேக்காதீங்க.