7 மைல் நடந்தால்தான் ஓட்டா?

உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்துகிற தேசம் அமெரிக்கா. எந்த நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடந்தது, எந்த நாட்டில் நடக்கவில்லை என்று நற்சாட்சிப் பத்திரம் வழங்கும் உத்தியோகத்தையும் அது தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தேசத்தின் டெக்ஸாஸ் மாநிலத்தில், 2008ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்கள் நெடுஞ்சாலையில் அணிவகுத்து நடந்தார்கள். எதற்காக? ஓட்டுப் போட! எவ்வளவு தூரம்? 7 மைல்!

அந்தக் கல்லூரி இருக்கும் ஊர் பிரெய்ரி வியூ. 1876இல் கறுப்பின வாலிபர்களுக்கென்று ஏற்படுத்தப்பட்டது. இன்று பெரிய சர்வகலாசாலை. அது நிற்கும் நிலம், ஒரு காலத்தில் அடிமைகள் கூலியின்றி உழைத்து மடிந்த பண்ணை. அந்த அடிமைகளின் வம்சத்தில் வந்த பிள்ளைகள் இன்று அதே மண்ணில் புத்தகம் படிக்கிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்து நிர்வாகம் நெடுங்காலமாக வெள்ளையர் கையில். வாலர் கவுண்டி என்று அதற்குப் பெயர். நம் ஊர் தாலுகா மாதிரி. பல்லாயிரம் மாணவர்கள் ஓட்டுப் போட்டால் நாற்காலி ஆடும் என்பது அந்தக் கனவான்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே பூட்டுமேல் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டுகளின் சரித்திரத்தைப் பாருங்கள்.

டெக்ஸாஸில் 1966 வரை ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். கூலிக்காரன் எங்கே போவான் வரிக்கு? அங்கே செல்வாக்குள்ள கட்சி வேட்பாளரைப் பொறுக்கும் தேர்தலில் கறுப்பினத்தவர் கலந்துகொள்ளக் கூடாதென்று விலக்கியே வைத்திருந்தது. 1944இல்தான் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. மக்கள் ரத்தம் சிந்திப் போராடியதால் 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1971இல் 18 வயதானவர்களுக்கு ஓட்டு வந்தது.

சட்டம் வந்ததும் புதுப் பூட்டு வந்தது. வாலர் கவுண்டியில் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் அதிகாரி மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். உனக்கு இங்கே சொத்து இருக்கிறதா? படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே இருப்பாயா? சொத்துள்ளவனுக்குத்தான் ஊர் என்பது அவர்கள் தர்மம்! மத்திய சர்க்காரே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 1979இல் சுப்ரீம் கோர்ட்டு மாணவர்கள் பக்கத் தீர்ப்பை உறுதி செய்தது: படிக்கும் ஊரில் ஓட்டுப் போட மாணவனுக்கு உரிமை உண்டு.

அதோடு விட்டார்களா? 2003 கடைசியில் அந்தக் கவுண்டியின் சர்க்கார் வக்கீல், மாணவர்களுக்கு இங்கே ஓட்டுரிமை தானாக வந்துவிடாது, மீறிப் போட்டால் வழக்கு வரும் என்று மிரட்டினார். கோர்ட்டு தீர்ப்பளித்து 24 வருஷம் கழித்து! 2004 ஜனவரியில் மாணவர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள், வழக்கும் போட்டார்கள். வக்கீல் பின்வாங்கினார்.

மிரட்டல் பலிக்கவில்லை என்றதும்தான் தூரம் என்ற பூட்டைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் தேர்தல் நடப்பது செவ்வாய்க்கிழமையில். தேசம் முழுவதற்கும் அன்று விடுமுறை கிடையாது. வேலைக்கும் வகுப்புக்கும் போகிறவர்கள் முன்னதாகவே சில நாட்களில் ஓட்டுப் போட வசதி உண்டு. 2008இல் அதற்குக் கவுண்டி முழுவதற்கும் ஒரே சாவடி என்று முடிவு செய்தார்கள். அதுவும் ஹெம்ஸ்டெட் என்ற தலைநகரில். மத்திய நீதி இலாகா கேள்வி கேட்ட பிறகுதான் கூடுதல் இடங்கள் சேர்த்தார்கள். மாணவர்கள் கெஞ்சவில்லை, நடந்தார்கள். அந்த நடையைத் தேசமே பார்த்தது. 2013இல் கல்லூரி வளாகத்துக்குள் சாவடி வந்தது.

வந்த சாவடியையும் முழுதாக விடவில்லை. 2018இல் முன் வாக்குப்பதிவின் முதல் வாரத்தில் பிரெய்ரி வியூவுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனதும் சில மணி நேரத்தைப் பிச்சை போட்டார்கள். அந்த வழக்கில் 2022இல் தீர்ப்பு மாணவர்களுக்கு எதிராகவே வந்தது. டெக்ஸாஸ் 2011இல் செய்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போட அடையாளச் சீட்டு வேண்டும். கைத்துப்பாக்கி லைசென்சு செல்லும், கல்லூரி அடையாள அட்டை செல்லாது! துப்பாக்கி வைத்திருப்பவன் பிரஜை. புத்தகம் வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரியவன்!

இது டெக்ஸாஸின் பைத்தியக்காரத்தனம் மட்டுமல்ல. புளோரிடா மாநிலத்திலும் 2014இல் கல்லூரிக் கட்டிடங்களில் முன் வாக்குப்பதிவு கூடாதென்றார்கள். 2018இல் மத்திய நீதிபதி ஒருவர் அந்தத் தடையை உடைத்தார்.

"நாலு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு இந்த ஊர்த் தேர்தலில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த நாலு வருஷமும் அவன் அந்த ஊர்த் தண்ணீரைத்தானே குடிக்கிறான்? அந்த ஊர்க் கடையில் வரியோடுதானே சாமான் வாங்குகிறான்? அந்த ஊர்ப் போலீஸ்தானே அவனைத் தடுத்து நிறுத்துகிறது? ஜனத்தொகைக் கணக்கில் தலையை எண்ணும்போது மட்டும் அவன் அந்த ஊர்க்காரன். ஓட்டு என்றதும் வெளியூர்க்காரனா?

"ஆசை இருந்தால் நடந்து போகட்டுமே" என்கிறார்கள். காரில் போகிறவன் சொல்லும் பேச்சு இது. ஓட்டுப் பெட்டியை எங்கே வைப்பது என்பது மேஜை நாற்காலி விவகாரமல்ல, தோழர்களே. யார் ஓட்டுப் போடலாம் என்பதை வாய் திறந்து சொல்லாமல் சொல்லும் தந்திரம் அது. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டுப் பெட்டியை எட்டாத தூரத்தில் வைத்தால், கொடுத்த கையே பறித்த கையாகிறது.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறோம்? "நீ வெளியூர்க்காரன்" என்ற பேச்சைப் பிழைப்புத் தேடிப் போன இடத்தில் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் சொத்தும் வரியும் பார்த்தே ஓட்டுக் கொடுத்தார்கள். நம் பாட்டன்மாருக்குப் பெட்டியே தெரியாது. 1951-52 பொதுத் தேர்தலில்தான் வயது வந்த அனைவரும் சொத்துக் கணக்கின்றி ஓட்டுப் போட்டோம். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்பது 1996 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எத்தனை முதலாளிகள் நாம் கேட்காமல் கொடுத்தார்கள்?

இன்று உங்கள் பிள்ளைகளும் பட்டணத்துக் கல்லூரி விடுதிகளில் படிக்கிறார்கள். 18 வயதில் ஓட்டு என்பது நம் நாட்டில் 1989இல் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன், கல்லூரித் தலைவர் தரும் சான்றைக் காட்டி விடுதி முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம். ஊரிலும் விடுதியிலும் இரண்டு இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. இதை உங்கள் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா? பஸ் கூலிக்குப் பணமில்லாமல், தேர்தலன்று விடுதி அறையிலேயே முடங்கிக் கிடக்கும் பிள்ளையின் ஓட்டு யாருக்கு லாபம்?

ஆகவே தோழர்களே, அடுத்த முறை பிள்ளைக்குப் பணம் அனுப்பும்போது இதையும் கேளுங்கள்: பட்டியலில் பேர் இருக்கிறதா? எந்த ஊரில்? சாவடி எவ்வளவு தூரம்? சான்று தரக் கல்லூரி மறுத்தால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். நாமும் கூட வருகிறோம். சாவடி தூரமென்றால் பக்கத்தில் வைக்கச் சொல்லி மாணவர்களோடு சேர்ந்து மனுக் கொடுப்போம். மனு பலிக்காவிட்டால் அணிவகுப்போம்.

பிரெய்ரி வியூ பிள்ளைகள் பெட்டியைத் தேடி 7 மைல் நடந்தார்கள். பிறகு பெட்டி அவர்களைத் தேடி வந்தது. தானாக வரவில்லை, நடந்ததால் வந்தது!