அடையாள அட்டையைக் கேட்பவரின் அடையாளம்

அரச நிர்வாகத்தை டிஜிட்டல் மயப்படுத்தும் முயற்சிகள் நாட்டில் வேகம் பெற்று வருகின்றன. இந்திய நன்கொடை உதவியுடன் முன்னெடுக்கப்படும் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தின் கீழ் பிரசைகளின் கைவிரல் அடையாளம், கருவிழி, முகப்படம் ஆகியன ஒரே தரவுத் தொகுதிக்குள் சேரவுள்ளன. புல்மோட்டை மீனவரின் விபரமும் கொழும்பு வர்த்தகரின் விபரமும் ஒரே பெட்டகத்தில் இருக்கப் போகின்றன. அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும், அதை எவர் எப்போது திறந்தார் என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்விகள் மட்டும் பொது விவாதத்திற்கு வருவதாகத் தெரியவில்லை.

இது வீண் அச்சமன்று. 2023 ஆகஸ்ட் மாதத்தில் லங்கா அரச மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கோரும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துத் தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலத்திற்குரிய பிரதி வேறிடத்தில் பேணப்பட்டிருக்கவில்லை. தயாரித்த நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டு மென்பொருளே அப்போதும் பயன்பாட்டில் இருந்தது. தலைநகரின் நிலையே இதுவென்றால் குச்சவெளி போன்ற தொலைதூரப் பிரதேசங்களின் அலுவலகங்களைப் பற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

வலையமைப்பில் உள்ள ரவுட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளே தரவுகள் கடந்து செல்லும் வாயில்கள். அவ்வாயில்களைக் காக்கும் முறை மூன்று கேள்விகளில் அடங்கும். நீர் யார்? உமக்கு எதற்கு அனுமதி உண்டு? நீர் என்ன செய்தீர்? தொழில்நுட்பவியலாளர் இவற்றை அடையாள உறுதிப்பாடு, அதிகாரமளிப்பு, கணக்குப் பதிவு என வகுத்துள்ளனர். கிழக்கின் மக்களுக்கு இதனை விளக்கப் பாடநூல் தேவையில்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் காட்டிய அடையாள அட்டை முதலாவது கேள்விக்கும், கடலுக்குச் செல்லப் பெற்ற பாஸ் இரண்டாவது கேள்விக்கும், சாவடியின் பதிவேடு மூன்றாவது கேள்விக்கும் விடையாக இருந்தன.

இக்கேள்விகளுக்கு விடை காணும் முறைகள் பல. மிகப் பழையதும் மிகப் பலவீனமானதும், ஒவ்வொரு கருவியிலும் ஒரே கடவுச்சொல்லை இட்டு, அதனை ஊழியர் அனைவரும் பகிர்ந்துகொள்வது. ஊழியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றாலும் சாவி அவருடனேயே செல்கின்றது. தவறு நேர்ந்தால் செய்தவர் யாரெனக் கூற முடியாது. டெல்நெட் என்னும் பழைய முறையில் உள்நுழைந்தால் கடவுச்சொல் மறைப்பின்றியே கம்பியில் பயணிக்கும். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்தே 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான முறை உருவானது.

அடுத்தது ரேடியஸ். 1991இல் உருவான இம்முறையில் ஒவ்வொரு கருவியும் மத்திய சேவையகம் ஒன்றைக் கேட்டே ஆளை உள்ளே விடுகின்றது. பல நிறுவனங்களின் கருவிகளும் இதனை ஏற்பதால், ஆயிரக்கணக்கானோர் இணையும் வைஃபை வலையமைப்புகளுக்கு இது பொருந்தும். ஆயின் அடிப்படை ரேடியஸ் கடவுச்சொல்லை மட்டுமே மறைக்கின்றது. பயனரின் பெயர் முதலானவை திறந்தே செல்கின்றன. அது நம்பியிருந்த எம்.டி.5 என்னும் பழைய கணிப்பு முறையின் பலவீனத்தைக் கொண்டு, இடைநின்று 'அனுமதி மறுப்பு' என்ற பதிலை 'அனுமதி' என மாற்றிவிடலாம் என்பதை ஆய்வாளர்கள் 2024 ஜூலையில் நிரூபித்தனர்.

சிஸ்கோ நிறுவனம் வளர்த்த டக்காக்ஸ் பிளஸ், மூன்று கேள்விகளையும் தனித்தனியே கையாள்கின்றது. உள்ளே வந்தவர் இடும் ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி உண்டா எனச் சரிபார்த்து அதனைப் பதிவும் செய்ய வல்லது. எனவே கருவிகளை நிர்வகிப்போரைக் கட்டுப்படுத்த இதுவே ஏற்றது. எனினும் இதன் மறைப்பு முறையும் பழைமையானதே. ஆகவே எம்முறையைத் தெரிவு செய்தாலும் அதனை டி.எல்.எஸ். குறியாக்கத்தினுள் அனுப்புவதும், கடவுச்சொல்லுடன் இரண்டாவது சான்று ஒன்றைக் கோருவதும் இன்றியமையாதன.

மலிவான கருவிகளின் விலையை அயல்நாடொன்று பட்டறிந்தது. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 81 மில்லியன் டொலர் களவாடப்பட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் தப்பியது. அவ்வங்கியில் தீச்சுவர் இருக்கவில்லை என்றும், பத்து டொலர் பெறுமதியான பழைய சுவிட்சுகள் பயன்பட்டன என்றும் விசாரணையாளர் கூறினர். அதே ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, ஒக்டோபர் 21இல் அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்களை முடக்கியது. அத்தகைய பொதுக் கடவுச்சொல்லுடன் கருவிகளை விற்பதற்குப் பிரித்தானியா 2024 ஏப்ரலில் சட்டப்படி தடை விதித்தது.

இவ்விடயம் சிறுபான்மை மக்களுக்கு மேலும் நெருக்கமானது. 1984இல் தென்னமரவாடியிலிருந்து இடம்பெயர்ந்த தமிழருக்கும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு ஆவணங்களையும் இழந்த இரு சமூகத்தவருக்கும், ஓர் உறுதியோ பிறப்புச் சான்றிதழோ இல்லாத வாழ்வு எத்தகையது என்பது தெரியும். நாளை காணி உரிமையின் ஒரே சான்று கணினியில் உள்ள வரி ஒன்றாக இருக்குமாயின், அதனை ஒருவர் இரகசியமாக மாற்றினால் பாதிக்கப்பட்டவர் எதைக் கொண்டு வாதாடுவார்? மாற்றியவரின் பெயரும் நேரமும் தாங்கிய பதிவேடு ஒன்றே அவருக்குத் துணை.

சோதனைச் சாவடியின் பதிவேட்டில் கடந்து சென்ற மக்களின் பெயர்களே எழுதப்பட்டன. புதிய வாயில்களில் அதிகாரியின் பெயரும் எழுதப்பட வேண்டும். வேலியே பயிரை மேயாதிருக்க வேறு வழியில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடித்தளமாகலாம். எனினும் அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டமை கவலைக்குரியது. மக்களின் தரவைத் திரட்டும் வேகம் அதனைக் காக்கும் சட்டத்தின் வேகத்தை விஞ்சலாகாது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. அரச அலுவலகங்களின் கருவிகள் அனைத்திலும் பொதுக் கடவுச்சொல் அகற்றப்பட வேண்டும். ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் தனிக் கணக்கு வழங்கப்பட்டு, இடமாற்ற நாளிலேயே அது மூடப்பட வேண்டும். பதிவேடுகள் அவற்றை அழிக்க இயலாத வேறொரு அதிகாரத்தின் கீழ் பேணப்பட வேண்டும். தன் தரவை யார் பார்வையிட்டார் என்பதைத் தமிழிலும் கேட்டறியும் வாய்ப்பு பிரசைக்கு இருத்தல் வேண்டும். மக்கள் அரசிடம் ஒப்படைப்பது ஓர் அமானிதம். அதனைக் காப்பதாக அரசு வாய்மொழியாகக் கூறினால் போதாது; காத்ததற்கான கணக்கையும் காட்ட வேண்டும்.