வெட்டாமலே போஸ்ட்மார்ட்டம்: தென்காசிக்கு வந்தால் என்ன மாறும்?

2024 ஜனவரி 28 அதிகாலை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய புளியங்குடி இளைஞர்களின் கார், புன்னையாபுரம் அருகே சிமென்ட் லாரியோடு மோதியது. 6 பேர் உயிரிழந்தார்கள்.

இப்படி ஒருவரை இழந்த குடும்பம் அடுத்து நிற்பது பிணவறை வாசலில். "உடம்பைக் கூறு போடாம கொடுத்துடுங்க ஐயா" என்று கெஞ்சாதவர்கள் குறைவு. ஆனால் விபத்து மரணத்தில் குடும்பம் வேண்டாம் என்றால் மட்டும் போதாது. பிஎன்எஸ்எஸ் சட்டப் பிரிவு 194-ன்படி விசாரித்து, உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவது போலீஸ்.

சரி, வெட்டாமல் செய்ய வழி இருக்கா?

இருக்கு. பெயர் விர்ச்சுவல் அட்டாப்ஸி. உடலை சிடி ஸ்கேன் செய்து, அந்தப் படங்களை வைத்துக் காயங்களைக் கண்டுபிடிப்பது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வளர்ந்த முறை இது. டெல்லி எய்ம்ஸில் 2021 மார்ச்சில் இதற்கென மையம் திறக்கப்பட்டது.

எது நல்லா தெரியும்?

எலும்பு முறிவு, மண்டை ஓட்டு விரிசல், மூளையில் ரத்தக் கசிவு, நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று. முகம், கழுத்து, இடுப்பு எலும்பு முறிவுகள் கத்தியைவிட ஸ்கேனில் தெளிவு. இன்னொரு லாபம், படம் அழியாது. உடல் எரிக்கப்பட்ட பிறகும் வேறொரு டாக்டர் பார்க்கலாம்.

எது தெரியாது?

சாதாரண ஸ்கேனில் கல்லீரல், மண்ணீரல், ரத்தக் குழாய்களில் உள்ள கிழிசல் தப்பிவிடலாம். மாரடைப்பும் அப்படித்தான். 2012-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, 182 மரணங்களைப் பார்த்தது. 32% பேரில் சிடி சொன்ன காரணமும் பிரேதப் பரிசோதனை சொன்ன காரணமும் பெரிய அளவில் வேறுபட்டன. டிரைவர் குடித்திருந்தாரா என்பதற்கும் ரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.

இது குடும்பத்துக்கு ஏன் முக்கியம்?

இழப்பீட்டு வழக்கில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் முக்கிய ஆவணம். வண்டி ஓட்டும்போதே மாரடைப்பு வந்ததா, மோதியதால் இறந்தாரா? சில வாரம் சிகிச்சை பெற்று இறந்தால், விபத்துக் காயம்தான் காரணமா? இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும் கேள்விகள் இவை. வெட்ட வேண்டாம் என்று இன்று கேட்கும் குடும்பமே, நாளை தெளிவான ரிப்போர்ட் இல்லாமல் தவிக்க நேரலாம்.

தென்காசியில் சாத்தியமா?

மெஷின் மட்டும் போதாது. சிடி ஸ்கேனுக்கு உயிரோடு இருப்பவர்களே வரிசையில் நிற்கிறார்கள். இறந்தபின் உடலில் உருவாகும் வாயுவும் தேங்கும் ரத்தமும் காயம் போலவே தோன்றலாம். அதைப் பிரித்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற ரேடியாலஜி டாக்டரும் தடயவியல் டாக்டரும் சேர்ந்து உட்கார வேண்டும். 2019-ல் பிறந்த மாவட்டத்தில் நேராகத் தொடங்குவதைவிட, நெல்லை அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். முதலில் ஸ்கேன், சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் கத்தி. 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேரை இழந்த தமிழ்நாட்டுக்கு இது ஆடம்பரம் அல்ல.

அதுவரை? எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், சிகிச்சை ஆவணங்கள் மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்.