வரி தரமாட்டோம்

திருவொற்றியூர் தியாகராசர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். நிலம் கொடுத்தவர், விளக்கெரிக்க ஆடு விட்டவர் எல்லாம் பெயரோடு நிற்கிறார்கள். நெல் குத்தவென்று கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட பெண்களும் அங்கே உண்டு, அவர்கள் வழிவரப்போகும் பிள்ளைகளையும் சேர்த்து. இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்துப் பாடுபட்ட சனம் வாயில்லாப் பூச்சி என்று முடிவுகட்டினால் அது அவசரம். சோழருக்குப் பின், 1429-இல், விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் ஆட்சியில், காவிரிப் படுகையில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணிகள், வலங்கை 98-ம் இடங்கை 98-ம், ஒன்றுகூடின. அதிகாரிகளும் நிலவுரிமை கொண்ட பிராமண, வெள்ளாளக் காணியாளர்களும் கைகோத்துக்கொண்டு கசக்குகிறார்கள் என்று சொல்லி, இன்னதற்கு இவ்வளவுதான் வரி என்று தாங்களே வகுத்து, கொறுக்கைக் கோயிலில் வெட்டிவைத்தார்கள். வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் பொதுப்பேச்சிலோ வரலாறு என்றால் இன்னும் படையெடுப்புகள்தான். உழவர் புரட்சி என்று நான் துள்ளமாட்டேன். கூடியவர்களில் கைவினைஞரும் வணிகரும் உண்டு. அடிமையாய் விற்கப்பட்டவனுக்கு அந்த வரி விகிதத்தால் என்ன லாபம்? ஆனால் அந்த ஒற்றுமை அபூர்வம். அதே வலங்கையும் இடங்கையும் 1707-இல், சென்னையில், ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்த கறுப்பர் நகரத்தில், யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போவதென்று மோதிக்கொண்டன. தெருக்களைப் பங்குபோட்டுக் கொடுக்க ஆங்கிலேய கவர்னர் தாமஸ் பிட் வரவேண்டியிருந்தது.